தூங்க மறுத்த மரப்பாச்சி

மயிலாப்பூரில் இருந்த எங்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதென்று முடிவான வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. அந்த முடிவில் என்னைப்போல் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை. லிஃப்ட் வரப்போகிறதே! பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று மூன்று குடும்பமும் ஒரே குளியலறை வாசலில் வாளியோடு நின்று சண்டை போடும் வீடு அது. மழை வந்தால் கூடம் முழுக்கப் பாத்திரம் பரப்ப வேண்டும். பில்டருக்கு வாக்குக் கொடுத்தவர் பெரியப்பா. மூத்தவர் சொன்ன பிறகு தம்பிகள் மறுபேச்சுப் பேசவில்லை.

பேசியவள் அத்தை ஒருத்திதான். மூன்று அண்ணன்மாருக்கும் ஒரே தங்கை, கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்துவிட்டவள். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுத்தாள். "தெருவுல பழைய ஆம்னு, ஓட்டு வீடுன்னு நாலஞ்சுதான் பாக்கி. நாமளும் இடிச்சுட்டா, இங்க ஒரு தெரு இருந்ததுன்னு யார் நம்புவா?" என்று சமையலறையில் நின்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. சாம்பாருக்குப் புளி கரைக்கிற வேளையில் சரித்திரம் எடுபடுமா?

நவராத்திரி முடிந்ததும் வீட்டைக் காலி செய்வதாக ஏற்பாடு. கொலுப்படிக்குக் கீழே வழக்கமாக நாங்கள் குழந்தைகள் மணல் கொட்டி, கடுகு முளைக்க வைத்து ஒரு பார்க் அமைப்போம். அந்த வருஷம் அத்தை அந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மணலைப் பரப்பி, அதன்மேல் சோப்பு டப்பா, தீப்பெட்டி, அட்டை எல்லாம் வைத்து எங்கள் தெருவையே கட்டிவிட்டாள். இன்றைய தெருவை அல்ல. அடுக்குமாடிகள் முளைக்கும் முன்னால் எந்த இடத்தில் எந்த வீடு இருந்ததோ, அந்தத் தெருவை.

வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள் அம்மனை மறந்துவிட்டுக் கீழே குனிந்து வழக்காட ஆரம்பித்தார்கள். "எங்காத்து வாசல்ல ஒரே ஒரு தூண்தான் போட்டிருக்கே, இன்னொண்ணு எங்க?" என்று ஒரு மாமி கோபித்துக்கொண்டாள். வீட்டை விற்றுவிட்டு நங்கநல்லூர் போய்விட்ட இன்னொரு மாமி, மறுநாள் சாட்சிக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் சுண்டலை மென்றபடி, தன் வீட்டுக் கிணறு இடம் மாறியிருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் சளைக்காமல் பிய்த்து ஒட்டினாள். எனக்கு வேலை பசை எடுத்துக் கொடுப்பது. அப்படி ஒரு கும்மாளமான கொலு அதற்கப்புறம் எங்களுக்கு வாய்க்கவில்லை.

விஜயதசமி வந்தது. அன்று இரவு ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துத் தூங்கச் செய்த பிறகுதான் மறுநாள் கொலுவைக் கலைக்கலாம். பெரியம்மா முறைப்படி மரப்பாச்சி ராஜாவைப் படுக்க வைத்தாள். காலையில் பார்த்தால் ராஜா விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மறுபடி படுக்க வைத்தாள். மறுநாளும் அதே கதை.

வீட்டைப் பார்க்க வந்த மேஸ்திரி கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா சார், பொம்ம இன்னும் தூங்கலியா? அம்மா முழிச்சிக்கினு கீது. இப்ப எவன் கடப்பாரைய தூக்குவான்? எனக்கும் புள்ளகுட்டி கீது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழி நேராக அத்தையின் தலையில் விழுந்தது. "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேங்கறாரே" என்று பெரியம்மா ஜாடையாகச் சொன்னாள். அத்தை சிரித்தாள். "ராஜாவுக்குப் புது ஃப்ளாட் பிடிக்கலையோ என்னமோ, என்னைக் கேட்டா?" என்றாள். "ரெண்டு நாள் தள்ளிப் போனா குடியா முழுகிடும், விடேன்" என்று பெரியப்பா பெரியம்மாவை அடக்கினார்.

திருடியைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று நான் தீர்மானித்தேன். பால் வருவதற்கு முன்பே எழுந்து கூடத்துக்கு வந்தேன். கொலுவின் முன்னால் நின்றவர் பெரியப்பா. ராஜாவைத் தூக்கி நிறுத்தி, அவருடைய ஜரிகை வேட்டியைச் சரிசெய்தார். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அத்தையின் தெருவில் எங்கள் வீட்டுச் சுவர் சாய்ந்திருந்ததை விரலால் நிமிர்த்திவிட்டார்.

"பெரியப்பா, நீங்களா?"

"ராஜாவாச்சேடி. எத்தனை நாழிதான் படுத்துண்டே இருப்பார்?" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

காபி வேளையில் எல்லோர் முன்னிலையிலும் என் துப்பறியும் திறமையை அறிவித்தேன். சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "வாக்குக் கொடுத்தவரும் நீங்க, பொம்மைய எழுப்பறவரும் நீங்களா? நன்னாயிருக்கு போங்கோ" என்றாள் பெரியம்மா. பெரியப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் இருந்த பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றியதும் ஆரத்தித் தட்டை அவளே எடுத்தாள். பெரியம்மாவைக் கூப்பிடக்கூட இல்லை. ராஜாவைப் படுக்க வைத்து, பக்கத்தில் ராணியையும் படுக்க வைத்து, ஒரு பட்டுத் துண்டால் இரண்டு பேரையும் போர்த்தினாள்.

"அண்ணா, மேஸ்திரிய நாளைக்கு வரச்சொல்லிடு" என்றாள். "உனக்கும் இடிக்க மனசில்லேன்னு தெரியாம போச்சு. தம்பிகளுக்காகத்தானே ஒத்துண்டே? நான் வேற உன்னைப் படுத்திண்டிருந்தேன்." பெரியப்பா குனிந்து ராஜாவின் போர்வையை இழுத்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் ஒண்டியாகக் கத்தியவளுக்கு அன்றைக்குத்தான் துணைக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தது, அதுவும் வீட்டுக்கே பெரியவர். அந்த நேரம் பார்த்தா ஒருத்தி தோற்றுப்போவாள்?

"அத்தை, பெரியப்பா உன் கட்சிதானே? நீதானே ஜெயிச்சே?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி, ஜெயிச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, தெருவின் முதல் வீட்டை மணலிலிருந்து மெதுவாக எடுத்தாள்.