நாற்பத்தைந்து கிராம் ஹார்ட் டிஸ்க்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கும் எடைமேடையில் ஆபரேட்டர் விருத்தாசலத்துக்குப் பத்தொன்பது வருட உத்தியோகம். லாரி மேடையில் ஏறி நிற்கும், கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவர் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்துவார், சீட்டு வரும். மல்லாட்டை என்று ஊரில் சொல்லும் நிலக்கடலை மூட்டைக்குள் கருங்கல் வைப்பவர், தார்ப்பாய்க்கு அடியில் கிளீனரைப் படுக்க வைப்பவர் என்று எல்லோரையும் பார்த்தவர். அதனால் யாரையும் நம்ப மாட்டார். அவரையும் யாரும் நம்புவதில்லை. எடை குறைந்தால் விற்பவர் முறைப்பார், கூடினால் வாங்குபவர் முறைப்பார், சரியாக வந்தால் இருவருமே முறைப்பார்கள்.

பங்குனி மாதம், மல்லாட்டை வண்டிகள் வரிசை கட்டும் நேரத்தில், கம்ப்யூட்டருக்குள் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டது. முதலில் பல்லியைச் சந்தேகித்தார். பிறகு பைபாஸில் இருக்கும் போட்டி எடைமேடைக்காரரைச் சந்தேகித்தார். ஞாயிற்றுக்கிழமை திரை அப்படியே நின்றுபோனது.

மேடையின் முதலாளி தென்னரசு பாண்டிச்சேரியிலிருந்து போனில் சொன்னார்: “வியாழக்கெழமைக்குள்ள ஓடணும். இல்லன்னா ஆளே இல்லாம தானா எடை போடுற மிஷினு வந்திருக்கு, அத்த வாங்கிப் போட்டுடுவேன்.”

இந்த ஒரு பேச்சை மட்டும் விருத்தாசலம் சந்தேகப்படவில்லை.

திங்கட்கிழமை வந்த உள்ளூர் மெக்கானிக் பெட்டியைத் திறந்ததும், “கொஞ்சம் இருப்பா” என்று விருத்தாசலம் தடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டார். தகராறு வரும் லாரியை அவர் அப்படித்தான் எடுப்பார். மெக்கானிக் பார்த்துவிட்டு, “ஹார்ட் டிஸ்க் அவுட்டு சார். இந்த மாடலு இப்ப வர்றதில்ல. கம்ப்யூட்டரையே மாத்திடுங்க” என்றார். மேடையிலிருந்து வரும் தடித்த ஒயரைச் செருகப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டையே கிடையாது. எனவே இந்த மெக்கானிக்குக்கும் தானியங்கி மிஷினுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று விருத்தாசலம் முடிவு செய்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, டிஸ்க்கைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார். முதல் கடையில் நாலு டெராபைட் டிஸ்க்கை நீட்டி, “இதுல ஊரையே போடலாம் சார்” என்றார்கள். ஊரை எதற்குப் போடச் சொல்கிறார்கள் என்று யோசித்து வெளியே வந்துவிட்டார்.

ஸ்டேஷன் பக்கம் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கவிதா, டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது அகலப் பட்டை ஒயரு மாட்டுற ரகம். புதுசா எவனும் செய்யறதில்லண்ணா. உங்க போர்டுல சின்ன ஸ்லாட்டு இருந்தா இப்ப வர்றத போட்டுக்கலாம். பொட்டி எங்க?”

“பொட்டிய எதுக்கு எடுத்தாரணும்? உள்ள இருக்கறத மாத்திட்டா?”

“அப்ப நான் இன்னா, ஜோசியமா பாக்கறது?”

வேறு வழியில்லாமல் படங்களைக் காட்டினார். அவள் விரலால் பெரிதாக்கினாள். “தோ, ரெண்டு செவப்பு ஸ்லாட்டு. பொழச்சீங்க. கரண்டுக்கு மட்டும் ஒரு மாத்து ஒயரு போடணும்.”

“அந்தக் கடையில நாலு டெராபைட்டு குடுத்தாங்க.”

“உங்க விண்டோஸ் பழசுண்ணா. அம்மாம் பெருசு அதுக்குக் கண்ணுக்கே தெரியாது. நூத்தி இருவது ஜிபி போதும்.”

அவள் எடுத்து வைத்தது சீட்டுக்கட்டு அளவுகூட இல்லை. விருத்தாசலம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைத் தராசுக்குப் போனார். பழசு அறுநூற்றுப் பத்து கிராம். புதுசு நாற்பத்தைந்து.

“உள்ள ஒண்ணுமே இல்லியேம்மா. காலி டப்பா.”

“சுத்துற தட்டு கெடையாது, வெறும் சிப்புதான்.”

“ஏமாத்தறவனும் இப்படித்தான் சொல்லுவான்.”

கவிதா கோபித்துக்கொள்ளவில்லை. மேஜை டிராயரிலிருந்து வேறொரு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். நல்ல கனம்.

“இது டிஸ்க்கு” என்றார் திருப்தியாக.

அவள் ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பினாள். உள்ளே பசை போட்டு ஒட்டிய இரண்டு இரும்பு நட்டுகளும், விரல் நகம் அளவு மெமரி கார்டும் இருந்தன. “ஆன்லைன்ல ஒருத்தர் வாங்கி ஏமாந்தது. தூக்கிப் பாக்கறவங்களுக்குன்னே எடை வச்சிருக்கான்.”

விருத்தாசலம் நட்டுகளை வெகுநேரம் பார்த்தார். மூட்டைக்குள் வைத்த கருங்கல்லை அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்டார்: “இத்த நீ ஏன் பத்திரமா வச்சிருக்க?”

“உங்கள மாதிரி தெனம் ஒருத்தர் வர்றாரே!”

பழையது இன்னும் முழுசாகச் சாகவில்லை; அதில் இருப்பதைப் புதியதற்கு நகலெடுக்க ஆறு மணி நேரம் ஆனது. “சாப்ட்டு வாங்கண்ணா, அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும்” என்றாள். “நான் போனா நின்னுடும்” என்று அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். எழுபத்தொரு சதவீதத்தில் அரை மணி நேரம் நின்றது, அவர் அங்கேயே இருந்தும்.

புதன்கிழமை, கவிதா வீடியோ காலில் சொல்லச் சொல்ல, அவரே மாட்டினார். வேறு எவர் கையையும் பெட்டிக்குள் விடவில்லை. கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது.

வியாழக்கிழமை முதல் வண்டி பெருமுக்கல்லிலிருந்து வந்தது, மல்லாட்டை லோடு. ஓட்டியவர் சக்கரபாணி. முன்பெல்லாம் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் முனகிவிட்டுத்தான் சீட்டுத் தரும். இன்று விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

“இன்னா பெரியவரே, வண்டி நிக்கல, அதுக்குள்ள சீட்டு? முன்னாடியே அடிச்சி வச்சிக்கினியா?”

“புது டிஸ்க்குப்பா. வேகமா வருது.”

“எடையில இன்னா வேகம்?”

மறுபடி போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். கிலோ மாறவில்லை.

“மூணு வாட்டியும் ஒரே மாதிரி வருதே!” என்றார் சக்கரபாணி, இப்போது நிச்சயமான சந்தேகத்துடன். வண்டி பைபாஸ் பக்கம் திரும்பியது. இன்னும் நாலு வண்டி அப்படிப் போனால் தென்னரசுக்கு டிஸ்க்கும் தேவையில்லை, ஆளும் தேவையில்லை.

அடுத்த லாரி ஏறியது. விருத்தாசலம் மவுஸின் மேல் கையை வைத்தார். திரையை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். மனசுக்குள் நாற்பது வரை எண்ணிவிட்டு அழுத்தினார். டிரைவர் சீட்டைப் படிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலைக்குள் பதினோரு வண்டி.

தென்னரசு போன் செய்தார். “ஓடுதா?”

“ஓடுதுங்க,” என்றார் விருத்தாசலம். “பழைய மாதிரியே.”