ஓப்பன் பட்டியலில் பானிங்

கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு எந்த வரிசையில் நிற்பது என்று முடிவு செய்வதா, அல்லது நிற்க விரும்பும் வரிசையைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்றதைக் கையில் எடுப்பதா? நம்மில் பெரும்பாலோர் இரண்டாவதைச் செய்கிறோம். செய்துவிட்டு, முதலாவதைத்தான் செய்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம். எபிஃபானியா மரசிகனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழும். அவருக்கு ஒருநாளும் எழுந்ததாகத் தெரியவில்லை.

ஊரில் அவர் பெயர் பானிங். பத்தாங்காஸ் மாகாணத்தில் சான் ஹோசே பக்கம் யாரைக் கேட்டாலும் முட்டைக்கார பானிங் வீட்டைக் காட்டுவார்கள். பக்கத்து நகரமான லிப்பாவில் வணிகவியல் படிக்கப் போய், இரண்டாம் வருடத்தில் தந்தை படுத்துவிட்டதால் திரும்பி வந்து பண்ணையை எடுத்துக்கொண்டவர். பன்னிரண்டாயிரம் கோழிகள். கணவர் தென்சியோ தீவனம் பார்ப்பார், பானிங் முட்டை பார்ப்பார். முட்டையைக் கையில் வைத்ததும் நடுத்தரமா பெரிதா என்று சொல்லிவிடுவார். அதைப் பெரிய திறமை என்று நான் நினைக்கவில்லை. முப்பது வருடம் செய்தால் யாருக்கும் வரும். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சுடும் களத்துக்கு அவர் முதலில் வந்தது தென்சியோவின் தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டுதான். குன்றை வெட்டி மண்சுவர் எழுப்பிய எங்கள் களத்தில் ஞாயிறுதோறும் போட்டி நடக்கும். மணி ஒலித்ததும் ஓடிக்கொண்டே அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். கிடைத்த புள்ளியை எடுத்த நேரத்தால் வகுப்பார்கள். வேகமும் வேண்டும், குறியும் வேண்டும். தென்சியோவிடம் வேகம் இருந்தது. அவர் ஓடுவார், பானிங் பின்னால் போய் அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்குத் தாள் ஒட்டுவார். தென்சியோவின் அட்டைகளில் அவருக்கு அதிக வேலை இருக்காது.

"இதுல ஒட்டறதுக்கு ஒண்ணுமே இல்லியே தென்சியோ. எங்க சுட்டே, கடலப் பாத்தா?"

"ஒட்டற வேலைய மட்டும் பாரு."

இப்படியே ஒரு வருடம் போனபின் ஒருநாள், தனக்கும் ஒரு துப்பாக்கி வேண்டும் என்றார் பானிங்.

எங்கள் சங்கத்தில் ஒருவர் துப்பாக்கி வாங்குகிறார் என்றால் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதுபோல எல்லோரும் கூடிவிடுவார்கள். சங்கத் தலைவர் பல் வைத்தியர் வில்லி வந்தார். துப்பாக்கி பழுது பார்க்கும் ஊஸ்திங், விற்பனைக்கு இருந்த ஐந்தாறைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து மேசையில் பரப்பினார். தென்சியோ கைகட்டி நின்றார். போட்டி நடுவர் என்ற முறையில் நானும் இருந்தேன்.

"மொதல்ல பிரிவ முடிவு பண்ணுங்க அக்கா," என்றார் வில்லி. "அப்புறம்தான் துப்பாக்கி. நம்ம சங்கத்துல ப்ரொடக்ஷன்ல பொம்பளைங்க யாருமே இல்ல. அதுல நின்னா வருஷா வருஷம் கோப்பைதான்."

"ப்ரொடக்ஷனா? அது ஏழைங்க ஆடறது," என்றார் தென்சியோ. "ஓப்பன்தான் ஆட்டம். மேல செவப்புப் புள்ளிக் கண்ணாடி, முன்னால ஒதைய அடக்கறதுக்குக் குழல், தோட்டா அடைக்கறதுக்கு நீள மேகசின். புள்ளிய வெச்சியா, அமுக்குனியா, முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னு சொல்ற. உனக்கு இன்னும் முடியலியே," என்றார் பானிங்.

ஊஸ்திங் பொறுமையாக விளக்கினார். ஓப்பனில் எதை வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளலாம். ஸ்டாண்டர்டில் கண்ணாடியும் குழலும் கூடாது, துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும். ப்ரொடக்ஷனில் கடையில் வாங்கியபடியே இருக்க வேண்டும், மேகசினில் பதினைந்து தோட்டாவுக்கு மேல் கூடாது. ரிவால்வர்காரர்களுக்குத் தனிப் பிரிவு, அவர்கள் வேறு மாதிரி மனிதர்கள்.

பானிங் எல்லாவற்றையும் கேட்டார். "முட்ட மாதிரிதான். இது சின்னது, இது பெருசுன்னு நாம தட்டு மாத்தி அடுக்கறோம். கோழிக்கு அதெல்லாம் தெரியாது."

பிறகு ஒவ்வொரு துப்பாக்கியாக, காலி என்று ஊஸ்திங் திறந்து காட்டியபின், கையில் எடுத்தார். மண்சுவரில் ஒரு கல்லைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். கையை நீட்டிய பிறகு கண்ணைத் திறந்தார். ஒன்று கல்லுக்கு மேலே பார்த்தது. இன்னொன்று இடப்பக்கம் சாய்ந்தது. வில்லி பரிந்துரைத்ததில் விரல் விசைக்கு எட்டவே இல்லை. கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று: மெலிந்த பிடி, பக்கங்களில் மெருகு போய் வெள்ளி தெரியும் பழைய எஃகுத் துப்பாக்கி. கண்ணைத் திறந்தபோது அது நேராகக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது."

"எந்தப் பிரிவுக்குக்கா?" என்றார் ஊஸ்திங்.

"அது நீங்க சொல்லுங்க. நான் வாங்கிட்டேன்."

கடையில் வாங்கியபடியே இருந்த துப்பாக்கி, ஆகவே ப்ரொடக்ஷன். வில்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தென்சியோ அன்றிலிருந்து அதைப் பொம்மை என்றே அழைத்தார்.

பானிங் மிகச் சிறந்த சுடுநர் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டம் மெதுவு. மூலையில் ஒளிந்திருக்கும் தகட்டை மறந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். ஆனால் சுட்ட தோட்டா எங்கே போக வேண்டுமோ அங்கே போகும். அவசரப்படுத்த முடியாத கை. இந்த ஆட்டத்தில் அது பாதிதான். இருந்தாலும் நல்ல பாதி.

இனி அந்த ஜனவரிப் போட்டி. வருடத்தின் முதல் போட்டியில் எந்தப் பிரிவுப் பட்டியலில் முதல் நான்கு இடத்தில் பெயர் வருகிறதோ, அவர்களே அந்தப் பிரிவில் சங்கத்தின் அணி. கோடையில் செபு தீவில் நடக்கும் பெரிய போட்டிக்கு அவர்கள் போவார்கள். அந்த வருடம் அணி அனுப்ப எங்களால் முடிந்தது ஓப்பனில் மட்டும். விதியைப் போட்டவரே தென்சியோதான். வில்லி தன் மருமகனை அணியில் நுழைக்கப் பார்த்த ஒரு வருடம் தென்சியோ வெகுண்டு, "யாருக்கும் விதிவிலக்கு கிடையாது" என்று பெயின்ட் வாங்கிச் சங்கச் சுவரிலேயே எழுதிவிட்டார். அன்றுமுதல் ஒவ்வொரு வருடமும் நான்காவதாக வருவார், செபு போவார். பண்ணையை விட்டு இருவரும் ஒரே நேரத்தில் நகர முடியாது. தீவன நேரம் தவறினால் கோழிகள் முட்டையைக் குறைத்துவிடும். ஆகவே போவது எப்போதும் தென்சியோ. வருடத்தில் அவர் கோழி வாசனை இல்லாமல் தூங்கும் மூன்று இரவுகள் அவை.

கடைசிச் சுற்றில் பானிங் ஓடும்போது இடுப்பிலிருந்து ஒரு மேகசின் நழுவி விழுந்தது. அவர் கவனிக்காமல் சுட்டு முடித்தார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். மேகசினின் முதுகில் தோட்டாவை எண்ணிப் பார்க்கச் சிறு துளைகள் இருக்கும். பதினாறு என்று பொறித்த துளையில் பித்தளை மின்னியது.

இடுப்பில் சுடாமல் மீதியிருந்த மேகசின்களையும் கேட்டு வாங்கினேன். எல்லாவற்றிலும் பதினாறு.

"அக்கா, பதினஞ்சுதான் போடணும்."

"பதினஞ்சுதான் போட்டேன்."

"பதினாறு இருக்கு."

"ஆமா. பதினஞ்சு, மேல ஒண்ணு." நான் புரியாமல் பார்த்ததைக் கண்டு அவருக்கே ஆச்சரியம். "அரைத் தட்டு, பதினஞ்சு முட்ட வாங்கினா மேல ஒண்ணு வெப்போம்ல. வழியில ஒடஞ்சா?"

"தோட்டா ஒடையாதுக்கா," என்றார் ஊஸ்திங்.

"கைக்கு எப்படிப்பா தெரியும் அது?"

அந்தக் கூடுதல் தோட்டாவை அவர் ஒருமுறைகூடச் சுடவில்லை. ஆனால் விதி விதிதான். பிரிவின் நிபந்தனையை மீறியவரைத் தூக்கி ஓப்பனில் போட வேண்டும். போட்டேன்.

"ஓப்பன்ல நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அங்க எத்தன தோட்டா போட்டாலும் சரிதான்."

"அப்போ இத்தன நாள் எதுக்கு எண்ணிக்கிட்டிருந்தேன்?"

மதியம் லோமி நூடுல்ஸ் சட்டியைச் சுற்றி எல்லோரும் கிண்ணத்தோடு நிற்கும்போது வில்லி போனைப் பார்த்து முடிவுகளை வாசித்தார். ஓப்பனுக்கு வந்ததும் மூன்று பெயர்களை வாசித்துவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாலு, எபிஃபானியா மரசிகன். அஞ்சு, கௌதென்சியோ மரசிகன்."

தென்சியோ அன்று சுடக் கூடாத வெள்ளை அட்டையை இரண்டுமுறை சுட்டிருந்தார். வேகமாகத்தான் சுட்டார்.

முதலில் சிரித்தது ஊஸ்திங். அவர் வாயிலிருந்த நூடுல்ஸ் கிண்ணத்துக்கே திரும்பியது.

"இதுல என்னமோ எண்ணிக்கத் தப்பு," என்றார் தென்சியோ.

"ஆமா, பதினாறுன்னு எண்ணிட்டாங்க," என்றார் பானிங். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

"செபுவுக்கு யாரு போறது, கூட்டாளி?" என்று ஒருவர் தென்சியோவிடம் உரிமையோடு கேட்டார். எல்லோர் கண்களும் சுவருக்குப் போயின. தென்சியோவின் கையெழுத்து நன்றாக இருக்கும், தூரத்திலிருந்தே படிக்கலாம்.

அந்த வாரம் முழுக்க தென்சியோ கோழிகளோடு மட்டும் பேசினார் என்று பானிங் சொன்னார். அணிச் சட்டை ஏற்கெனவே தைத்து வந்துவிட்டது, முதுகில் மரசிகன் என்று. "அளவுதான் மாத்தணும், பேர் சரியாத்தான் இருக்கு," என்று தையல்காரர் ஆறுதல் சொன்னாராம். அது ஆறுதலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. பானிங் போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இடம் ஐந்தாவது ஆளுக்குத்தான். வில்லி அதைக் கோடிகாட்டியும் பார்த்தார். பானிங் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு தென்சியோ வந்தபோது கையில் தன் துப்பாக்கிப் பெட்டி இருந்தது. மேசையில் வைத்துத் திறந்தார். புதிதாக எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். இரண்டு லாரி கரும்பு விலை என்று அவர் அடிக்கடி சொல்லும் துப்பாக்கி; அதை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"போறதுன்னா இத எடுத்துட்டுப் போ," என்றார், மனைவியைப் பார்க்காமல். "அந்தப் பொம்மையத் தூக்கிட்டு ஓப்பன்ல போய் நின்னு என் மானத்த வாங்காத."

"மானம் அஞ்சாவதா வந்தப்பவே போயிடுச்சு."

"பானிங்."

"சரி, சுட்டுப் பாக்கறேன்."

பிடியில் ரப்பர் பட்டையைச் சுற்றி ஊஸ்திங் அவர் கைக்கு ஏற்றபடி செய்துகொடுத்தார். நேரக்கருவியை நான் பிடித்தேன். முதலில் தன் பழைய துப்பாக்கியால் சுட்டார், பிறகு அதே இலக்குகளைத் தென்சியோவின் துப்பாக்கியால். துப்பாக்கி அவர் கையில் அசையவே இல்லை. நேரத்தில் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அட்டைகளில் ஓட்டைகள் நடுவிலேயே இருந்தன. தென்சியோ தானே போய்த் தாள் ஒட்டினார். ஒட்டி முடித்தபின் அந்த அட்டை முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"நான் சொல்லல?" என்றார் திரும்பி வந்து. முகத்தில் பெருமையா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "நல்ல துப்பாக்கின்னு சொன்னேன்ல?"

"நல்ல துப்பாக்கிதான்," என்றார் பானிங். "இத்தன நாளா பாவம், அதத் திட்டிக்கிட்டிருந்தேன்."

வில்லி போனை எடுத்தார். பதிவு அன்றோடு முடிகிறது. பிறகு பிரிவை மாற்ற முடியாது.

"அக்கா, நல்லாக் கேட்டுக்குங்க. ரெண்டே வழி. இந்தத் துப்பாக்கியோட ஓப்பன். நம்ம டீம் மொதல் மூணுக்குள்ள வரும், நான் எழுதித் தர்றேன். இல்ல, உங்க பழசோட ப்ரொடக்ஷன்ல தனி ஆளாப் போங்க. பொம்பளைங்கள்ல கோப்பை உங்களுக்குத்தான். ரெண்டுமே நல்ல வழி. எதப் போடட்டும்?"

"வீட்லயே இருந்தா?" என்றார் ஒருவர் மெல்ல.

"அதுவும் நல்ல வழிதான்," என்றார் தென்சியோ, உடனே. எல்லோரும் சிரித்தார்கள், பானிங்கும்தான்.

பானிங் தென்சியோவின் துப்பாக்கியைக் காலி என்று எனக்குத் திறந்து காட்டினார். ரப்பர் பட்டையை உரித்தார். விரல் ரேகை போகத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடி, கொக்கி மாட்டி, கணவர் பக்கம் நகர்த்தினார்.

"ஓப்பன்," என்றார்.

"ஓப்பன்," என்று வில்லி தட்டினார். "துப்பாக்கி, தென்சியோவோடது..."

"இல்ல. என்னோடது."

வில்லியின் விரல் நின்றது. "அக்கா, அதுல கண்ணாடி கெடையாது, குழல் கெடையாது. ஓப்பன்ல மத்தவங்கல்லாம்..."

"தெரியும் டாக்டர்."

"அந்தப் பொம்மையோடயா?" என்றார் தென்சியோ.

"அதோடதான்."

"ஏன்?"

பானிங் இடுப்புப் பட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "கைக்கு இதுதான் தெரியும். அங்க எண்ணவும் வேண்டாம். எழுதிக்க டாக்டர்," என்றார். வில்லி எழுதிக்கொண்டார்.