எதுவிகிஸ் பார்த்த கொக்கு

சுண்ணாம்புக் குன்றுகளை வெட்டிக் கல் ஏற்றும் லாரிக்காரர்களுக்கு வாழைக்காய் வறுத்துக் கொடுத்தே மூன்று பெண்களைக் கரையேற்றியவள் எதுவிகிஸ். வயது அறுபத்தாறு. கல் உடைக்கிறவர்கள் மேல் அவளுக்குப் பெரிய கோபமெல்லாம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்கும் அவர்கள் குறி வைத்தபோதுதான் கொதித்துப் போனாள்.

அதன் குகையில், அந்தத் தீவின் ஆதிக்குடிகளான தைனோ ஜனங்கள் வரைந்த கொக்குப் படம் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னாள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், பெரும்புயலன்று ஊரே அந்தக் குகைக்குள் ஒதுங்கியபோது பார்த்தாளாம். வேறு யாரும் பார்த்ததில்லை. கடைசியில் தொல்பொருள் இலாகாவிலிருந்து ஒவாயெஸ் என்ற இளைஞர் வந்தார். படம் இருந்தால் குன்று பிழைக்கும், இல்லையென்றால் திங்கட்கிழமை வெடி.

அவரும் எதுவிகிஸும் அவள் புருஷனும் ஒரு மணி நேரமாகக் குகைக்குள் டார்ச் அடித்துத் தேடினார்கள். சுவரெங்கும் புயலன்று ஊரார் சமைத்த புகைக்கரியும் வௌவால் எச்சமும்தான்.

“நீ பார்த்தது வௌவாலா இருக்கும்டி. ஊரே சிரிக்கப் போகுது” என்றான் புருஷன் நெரெயோ.

“வாயை மூடுய்யா! அன்னைக்கு இங்கே நான் பிள்ளை வலியில துடிக்கிறேன், நீ சண்டைச் சேவலைக் காணோம்னு மழையில ஓடின ஆளுதானே!”

சொன்னவள் அப்படியே நின்றாள். அவள் அந்தப் படத்தை நின்றுகொண்டு பார்த்ததே இல்லையே! மூட்டு நறநறக்க, அன்று வலியோடு கிடந்த மூலையில் போய் மல்லாந்து படுத்தாள். தலைக்கு மேல் துருத்திய பாறையின் அடிப்பக்கத்தில், புகை படாமல், நீள அலகோடு நின்றது கொக்கு. அதன் காலடியில் இரண்டு குட்டி மனிதர்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“எங்கேம்மா?”

“நின்னுக்கிட்டுக் கேட்டா எப்படித் தெரியும்? படுப்பா.”

ஒவாயெஸ் தன் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்தார். டார்ச் ஒளியை அலகிலிருந்து காலடி வரை மெல்ல நகர்த்தினார்.

“அம்மா, இனிமே இந்தக் குன்றுல ஒருத்தரும் கை வைக்க முடியாது” என்றவர், எழுந்து கேமரா எடுத்துவர வண்டிக்கு ஓடினார்.

எதுவிகிஸ் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு நிம்மதியாக அவள் படுத்து எத்தனையோ காலமாயிற்று. நெரெயோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகியபடி கொஞ்ச நேரம் நின்றான்.

“கொஞ்சம் நகருடி.”

“நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சாவது வந்தியே” என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.