ஹவில்தார் அங்கப்பனின் சம்மட்டி

பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க அங்கப்பன் எதிரி ஒருவனையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் உருகிய இரும்பு, பித்தளை, அலுமினியம். காங்கேயத்துக்குப் பக்கத்திலிருந்து ஆள் எடுப்புக்குப் போனபோது துப்பாக்கி கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தார். கொடுத்தார்கள், பயிற்சி முடிந்ததும் அதை வாங்கி வைத்துக்கொண்டு மண் சலிக்கும் சல்லடையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வடக்கே ஒரு ராணுவப் பட்டறையில் வார்ப்புப் பிரிவு. எந்தக் கம்பெனியும் இப்போது செய்யாத பழைய வண்டிகளுக்கு உதிரி பாகம் வார்த்துத் தருவது வேலை. லீவில் ஊருக்கு வந்தால், "பார்டர்ல எப்படிங்க?" என்று கேட்பார்கள். "குளிரா இருக்குமுங்க" என்பார். உலைக்குப் பக்கத்திலேயே நின்ற மனிதர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

நாற்பது தாண்டியதும் ஓய்வு பெற்றுக் கோயமுத்தூருக்கு வந்தார். பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று இந்த ஊர் செய்கிற எதைப் பிரித்தாலும் உள்ளே ஒரு வார்ப்பு இருக்கும். ஆகவே வேலைக்குக் கவலையில்லை என்று நம்பினார். ஆனால் 'பட்டாளத்துக்காரர்' என்று சொன்ன மாத்திரத்தில் எல்லாரும் வாசல் கேட்டைத்தான் காட்டினார்கள். ஒரு கம்பெனியில் அவர் வாயைத் திறப்பதற்குள் செக்யூரிட்டி சட்டைக்கு அளவெடுக்க ஆள் வந்துவிட்டான். மனைவி வரலட்சுமியின் அண்ணன் கருப்புசாமி, தன் பங்குக்கு ஒரு ஏடிஎம்மில் காவலுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

"ஏசி ரூமுங்க மாப்பிள்ளை. சும்மா உக்காந்துட்டே இருக்கலாம்."

அங்கப்பனுக்கு அந்த உட்காருவதில்தான் தகராறு.

கடைசியில் கணபதிப் பக்கம் பம்பு வார்ப்புகள் செய்கிற லட்சுமணசாமி, வார்ப்புகளைச் சோதித்து அனுப்பும் வேலையைக் கொடுத்தார். "மூணு மாசம் பாக்கலாமுங்க. ஒத்து வந்தா இருங்க. வராட்டிச் சங்கடப்படாதீங்க, நம்ம கேட்லயே ஒரு எடம் இருக்குது." இங்கே தோற்றால் கேட் நாற்காலிதான் என்பது அங்கப்பனுக்குப் புரிந்துபோயிற்று.

மண்ணில் அச்சு எடுக்கும் மோல்டிங் மேஸ்திரி சஹீருக்கும் அவருக்கும் முதல் நாளே ஒத்துப்போனது. இருவரும் ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்து, கைக்குள் இறுக்கி, உடைத்து, ஈரம் பார்த்தார்கள். அந்தச் செய்கைக்கு ராணுவம், சிவில் என்ற பேதம் கிடையாது. மற்றதெல்லாம் பேதம்தான். ராணுவத்தில் ஒரு வார்ப்பைப் பற்றி ஒரு வாரம் யோசிப்பார்கள். இங்கே யோசித்து முடிப்பதற்குள் லாரி நிறைந்து போய்விடும்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. கழித்த வார்ப்பைச் சும்மா விடக் கூடாது. சாட்சி வைத்து உடைக்க வேண்டும். விட்டால், களைத்துப்போன ஒரு கை அதை மறுபடி அலமாரியில் எடுத்து வைக்கும். அது ஒரு வண்டிக்குள் போகும். வண்டி மலையில் ஏறும். இந்த நியாயத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அங்கப்பனுக்கு அது காலையில் பல் துலக்குவது போலப் பழகியிருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சஹீர் தொழுகைக்குப் போயிருந்தார். சுத்தம் செய்து அடுக்கிய பம்பு உடல்களில், மூடி வந்து பொருந்தும் முகப்பில் குண்டூசி குத்தினாற்போல் சிறு துளைகள் இருப்பதை அங்கப்பன் கண்டார். ஒன்றிரண்டில் இல்லை, குவியல் குவியலாக. கழித்தார். சம்மட்டியை எடுத்தார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அன்புச்செல்வியைக் கூப்பிட்டார்.

"அம்மணி, கொஞ்சம் சாட்சியா நில்லு."

"எதுக்குங்க சாட்சி?"

"இதையெல்லாம் உடைக்கறதுக்கு."

"நானுங்க கல்யாணத்துக்குத்தான் சாட்சி நின்னுருக்கறேன்" என்றாள். இருந்தாலும் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு விறைப்பாகவே நின்றாள்.

சஹீர் திரும்பி வந்தபோது முற்றம் முழுக்க இரும்புத் துண்டுகள்.

"ஏனுங்க மிலிட்டரி, இங்க எதாச்சும் சண்டை நடந்துச்சுங்களா?"

"ரிஜெக்டுங்க பாய்."

"மேல்முகத்துல ஊசி ஓட்டை. லேத்துல ஏத்தி ரெண்டு சுத்து கடைஞ்சா போயிருக்குமே."

"போகாம உள்ளுக்குள்ள எறங்கியிருந்தா?"

"அப்ப ஒடச்சிருக்கலாம். இப்ப ஒடச்சதை எந்த லேத்துலங்க ஏத்தறது?"

ராணுவத்தில் அங்கப்பனை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

லட்சுமணசாமி வந்தார். இந்தப் பக்கத்து முதலாளிகளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "வாங்க. உக்காருங்க. மொதல்ல டீ சாப்பிடுங்க" என்றார். நிலைமை மோசம் என்று அங்கப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

"திங்கக்கெழமை தாராபுரத்துக்குப் போகோணும்ங்க இந்த லோடு. ஒடைக்கோணும்னு யாருங்க சொன்னது?"

"அங்கெல்லாம் அப்படித்தானுங்க."

"அங்க ஒண்ணு ஒடைஞ்சா கவர்மெண்டு. இங்க ஒடைஞ்சா நானுங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்கு வாங்க, பேசிக்கலாம். கேட் எடம் இன்னும் காலியாத்தான் இருக்குது."

மறுநாள் அங்கப்பன் சீக்கிரமே போனார். விடைபெறுவதானாலும் நேரத்துக்கு முன்பே போய் நிற்பது அவர் பழக்கம். முற்றத்தில் சஹீர் உடைந்த துண்டுகளுக்கு நடுவே குந்தியிருந்தார். உலைக்குத் திரும்பப் போக வேண்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உடைந்த வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து பாருங்க. இதுல ஓட்டை மேல்தோலோட நின்னுபோச்சு. இதுலயும் அப்படித்தான். இது நல்லது. இதுவும் நல்லதுங்க."

அங்கப்பனும் குந்தினார். பத்துக்கு ஏழு நல்ல வார்ப்பு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ உடைத்திருக்கிறார்; உடைத்த பிறகு ஒன்றையும் கையிலெடுத்துப் பார்த்ததில்லை. கழித்ததை எதற்குப் பார்ப்பது? வடக்கே அவர் உடைத்தவற்றிலும் பத்துக்கு ஏழு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு கணக்கு மனசில் ஓடியது. அதைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இதைப் பாருங்க" என்று சஹீர் வேறொரு துண்டை நீட்டினார். அதில் துளைகள் கரையான் புற்றுபோல ஆழத்துக்கு இறங்கியிருந்தன. "பத்துல இந்த மாதிரி மூணு லேத்துலயும் தப்பிச்சிருக்கும். மேல கடைஞ்சா பளபளன்னு ஆயிரும், அடியில இருக்கறது தெரியாது. தோட்டத்துல மாட்டுன பொறவுதான் ஒழுகும்." குரலைத் தாழ்த்தினார். "கெட்டதெல்லாமே சாயங்காலம் போட்ட மோல்டு. டீக்குப் பொறவு நம்ம பசங்க மண்ணுல தண்ணி சேத்திப்போட்டாங்க, ஆவி கெளம்பி ஓட்டை விழுந்துருச்சு. நானும் பாக்காம விட்டுட்டேன்."

லட்சுமணசாமி உள்ளே வந்தபோது இருவரும் கல்லாங்காய் ஆடுகிறவர்கள்போல் எதிரெதிரே குந்தியிருந்தார்கள். அங்கப்பன் எழுந்து நேராக நின்றார்.

"பாதிக்கு மேல நல்ல பீசுங்க. தப்பு என்னோடதுதான்."

"மிச்சத் தப்பு மண்ணோடதுங்க" என்றார் சஹீர். மண் மறுத்துப் பேசவில்லை.

நல்லதும் கெட்டதுமாகப் பிரித்து வைத்திருந்த இரண்டு குவியலையும் லட்சுமணசாமி பார்த்தார். கெட்ட குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நகத்தால் துளையைச் சுரண்டினார். தாராபுரத்து டீலரின் முகம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஒண்ணு பண்ணுங்க. தெனத்துக்கு ஒண்ணே ஒண்ணு ஒடைச்சுக்குங்க. ஒடைச்சா உள்ள என்னன்னு பாத்துப் பாய்கிட்டச் சொல்லோணும். மத்ததெல்லாம் லேத்தைக் கேக்காமத் தொடக் கூடாது."

"ரெண்டுங்க" என்றார் அங்கப்பன்.

"ஏனுங்க?"

"காத்தால மண்ணு ஒண்ணு, சாயங்கால மண்ணு ஒண்ணுங்க."

வேலை போகுமா என்று கேட்க வந்த ஆள் பேரம் பேசுவதை முதலாளி ரசித்தாரா, சகித்தாரா என்று சொல்ல முடியாது. "சரிங்க, ரெண்டு. சாட்சிக்கு அந்தப் புள்ளைய இழுக்காதீங்க. நேத்து அரை நாளு முத்தம் கூட்டவே இல்லை."

"அப்ப மூணு மாசம்..."

"அதுதான் முடிஞ்சுபோச்சுங்களே. போய் வேலையப் பாருங்க."

அங்கப்பன் ஓரமாகப் போய் வரலட்சுமிக்குப் போன் போட்டு, இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். அவள் அண்ணனுக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். குரலில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

காலை வார்ப்பு ஆறி, சுத்தமாகி வெளியே வந்தது. சம்மட்டியோடு அங்கப்பன் குவியலைச் சுற்றி வந்தார். குற்றம் தெரிந்ததை உடைப்பது சுலபம். ஒரு குற்றமும் தெரியாத குவியலில் ஒன்றைப் பொறுக்குவது அப்படியில்லை. கடைசியில் ஒன்றைக் காலால் ஒதுக்கினார்.

"அது நல்ல பீசுங்க" என்றார் சஹீர்.

"ஒடைச்சாத்தான தெரியும்."

ஒரே அடி. இருவரும் குனிந்தார்கள். உடைந்த வாயில் ஒரு துளைகூட இல்லை. சாம்பல் நிறத்தில் சீராக இருந்தது.

"சொன்னேனில்லைங்க" என்றார் சஹீர்.

அங்கப்பன் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, கொஞ்சம் வாஞ்சையோடு, தாமே சுமந்துகொண்டு போய் உலைப் பக்கம் வைத்தார்.