பாறையில் படுத்திருந்த கடல்நாய்

கடந்த மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பலெர்மோ நகரில், கால்சா என்ற பகுதியை ஒட்டிய கடற்கரையில் நானும் என் பதினொரு வயது மகளும் நடந்துகொண்டிருந்தோம். கிழமையில் எனக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறை அது.

பாறைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது. உப்பிய சாக்குமூட்டை என்று நினைத்தேன். அது மூச்சு விட்டது. உருண்டைத் தலை, நீண்ட மீசை மயிர்.

“கடற்சிங்கம்!” என்றேன்.

“இல்லை அப்பா. கடற்சிங்கத்துக்கு வெளியில சின்னக் காது இருக்கும். துடுப்பை ஊண்டி நடக்கும். இதுக்குக் காதைக் காணேல்லை, பாருங்கோ. இது கடல்நாய்.” பள்ளிக்கூடத்துக்காக இவற்றைப் பற்றிச் சில நாள் முன்புதான் படம் வரைந்து எழுதியிருந்தாள்.

எனக்கோ அது சாகக் கிடப்பதாகவே பட்டது. நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் வளர்ந்தவன். கரை ஒதுங்கிய டொல்பினைக் கண்டால் நாலு பேர் சேர்ந்து கடலுக்குள் தள்ளிவிடுவோம். பார்த்துக்கொண்டு போவது பாவம்.

“சாகப் போகுதடி. நான் தள்ளிவிடுறன்.”

“அது களைப்பாறக் கரைக்கு வாறது. உங்களை மாதிரித்தான், ஞாயிற்றுக்கிழமை படுத்திருக்குது. கிட்டப் போகாதேங்கோ!”

“எனக்குக் கடல் படிப்பிக்கிறியோ?” என்று சிரித்துவிட்டுப் பாறையில் இறங்கினேன். இரண்டு கைகளையும் அதன் முதுகில் வைத்தேன். என் சட்டையைப் பிடித்து இழுக்க அவளும் பின்னால் இறங்கி வந்ததை நான் கவனிக்கவில்லை.

மூட்டைபோலக் கிடந்த உடல் ஒரு நொடியில் வளைந்து திரும்பியது. குரைப்பது மாதிரி ஒரு சத்தம். திறந்த வாய் எனக்கு நேராக வரவில்லை; சட்டையைப் பிடித்திருந்த அவளுடைய கைக்கு நேராக வந்தது. பற்கள் ஸ்வெட்டரின் கையைக் கிழித்தன. அவள் பாறை இடுக்கில் விழுந்தாள்.

எப்படி அள்ளிக்கொண்டு மேலே ஏறினேன் என்று தெரியாது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோலில் ஒரு கீறலும் இல்லை.

“நான் சொன்னனான்தானே அப்பா,” என்றாள், மெதுவாக.

“ஓம்,” என்றேன்.

கடல்நாய் மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது. வெகுநேரம் கழித்து, வயிற்றால் தவழ்ந்து தானாகவே கடலில் இறங்கிப் போனது. யாரும் தள்ளவில்லை.

ஸ்வெட்டரை என் மனைவி தைத்துக் கொடுத்துவிட்டாள். மகள் அதைப் போடும் ஒவ்வொரு காலையும் என் கண் அந்தத் தையலுக்குத்தான் போகிறது; இப்போதெல்லாம் அவள் “வேண்டாம் அப்பா” என்றால், ஏன் என்று கேட்பதற்கு முன்பே நின்றுவிடுகிறேன்.