கதவோரத்துப் பலகைகள்

அந்த மனிதரோடு ஐந்து நிமிடம் பேசினால் ஆறாவது நிமிடம் சண்டை வரும். ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்துக்கு அவர்தான் பராமரிப்பு மேஸ்திரி. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அவருடைய கையெழுத்து வேண்டும். அதை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். காலண்டர் மாட்ட ஆணி கேட்ட கணக்குப் பிரிவு அம்மாவை மூன்று நாள் அலையவிட்டு, கடைசியில் பசை தடவி ஒட்டிக்கொள்ளச் சொன்னார். அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் முட்டுக்கட்டை. அது அவர் காதில் விழுகிற மாதிரியேதான் சொல்வார்கள்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கட்டடத்தின் சீலிங் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. அவை பாட்டுக்குக் கிடந்தால் ஒரு தொல்லையும் இல்லை. துளைத்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத தூசி கிளம்பி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பதினைந்து இருபது வருஷம் கழித்துத்தான் அது தன் வேலையைக் காட்டும். எந்த அறையில், எந்த வரிசையில் அந்தப் பலகை இருக்கிறது என்று எழுதிய பதிவேடு அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை அவர் காவல் காத்த மாதிரி தன் வீட்டுச் சாவியைக்கூடக் காத்ததில்லை.

வீட்டிலும் ஆள் அப்படித்தான். ஒரே மகள், அவருக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டாள். கம்ப்யூட்டர் கேபிள் இழுக்கும் கான்டிராக்டர். இரண்டு வருஷமாக மாமனார் மருமகனோடு நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பக்கத்து நாற்காலியில் மருமகன் உட்கார்ந்திருக்கும்போதே மகளைப் பார்த்து, "அவரச் சாப்பிடச் சொல்லு" என்பார். அவனும் சாப்பிட்டுவிட்டுப் போவான். என்ன செய்வான், பாவம்.

வந்தது வினை. மூன்றாவது மாடியில் சீலிங்குக்கு மேலே புது கேபிள் போட வேண்டும் என்று முடிவானது. வேலை அந்த மருமகனுக்கே கிடைத்தது. அவன் தொழிலில் அதுதான் முதல் பெரிய வேலை. மேனேஜர் முறைப்படி சோதனைக்கும் ஏற்பாடு செய்தார். சோதனைக்கு வந்தவன் ஏணி கொண்டுவரவில்லை. வாட்ச்மேனின் ஸ்டூலைக் கதவருகே இழுத்துப் போட்டு ஏறி, தலைக்கு மேலிருந்த முதல் பலகையில் ஒரு மூலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனான். ஆஸ்பெஸ்டாஸ் துளியும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. மேனேஜர் பதிவேட்டை வரவழைத்து, மூன்றாவது மாடிப் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்தார்.

சனிக்கிழமை காலை அனுமதிச் சீட்டு மேஸ்திரியின் மேசைக்கு வந்தது. திங்கட்கிழமை மருமகனும் அவனுடைய ஆட்கள் நான்கு பேரும் டிரில் மெஷினோடு உள்ளே போவார்கள். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஏன் என்று மேனேஜர் கேட்டார். அந்தச் சோதனை சரியில்லை, அது எனக்குத் தெரியும் என்றார். லேபுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது.

"மருமகன் முன்னுக்கு வந்துடக் கூடாதுன்னு பாக்கறீங்க. நீங்க லீவு எடுத்துக்கங்க. நானே கையெழுத்துப் போட்டுக்கறேன்."

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்த வேலை நின்றிருக்கும். அது இருபத்திரண்டு வருஷமாக அவர் தொண்டையில் கிடந்தது. அன்றும் அதை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதுதான் விஷயம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒவ்வொரு மாடியிலும் கதவோரத்துப் பலகை வரிசை தண்ணீர் கசிந்து தொங்கிப் போயிருந்தது. அப்போதிருந்த மேனேஜர், யாருக்கும் சொல்லாமல் லீவு நாட்களில் மாற்றிவிடு என்றார். மேஸ்திரி தன் மனைவியின் தம்பியைக் கூட்டி வந்தார். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த பையன். ஒரு வருஷம், லீவு நாள் தவறாமல், அவன் அந்தப் பலகைகளைச் சுத்தியலால் உடைத்து, விளக்குமாற்றால் பெருக்கி, மூட்டை கட்டினான். மாவு மில்லில் வேலை செய்தவன் மாதிரி தலையெல்லாம் வெள்ளையாக வந்து நின்று சிரிப்பான். புதிதாகப் போட்டது சாதாரணப் பலகை. பழையதோடு ஒத்துப் போக அதே வண்ணம் பூசினார்கள். பதிவேட்டில் ஓர் எழுத்து ஏறவில்லை. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார், இவரும் பல்லை இளித்துக்கொண்டு நின்றார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் தம்பி மூச்சு வாங்கி மூச்சு வாங்கியே செத்தான். தூசியில் வேலை செய்தவரா என்று டாக்டர் கேட்டார். "இல்ல டாக்டர், ஸ்டேஷனரிக் கடையில உக்காந்தவன்" என்று அக்கா அழுதாள். கடையில் சேர்வதற்கு முன்னால் பெயின்ட் அடிக்கக் கூப்பிட்டுப் போனதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த நேரத்திலாவது வாயைத் திறந்தாரா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம்தான் முட்டுக்கட்டை ஆனார்.

ஞாயிறு மதியம் மகளும் மருமகனும் வந்தார்கள். சாப்பாடு எடுத்து வைத்திருந்தது, யாரும் தொடவில்லை. மருமகன் முதல்முறையாக அவருக்கு நேராக நின்று, என்னைப் பிடிக்கவில்லையென்றால் என் முகத்துக்கு நேரே திட்டுங்கள், என் வேலையில் கை வைக்காதீர்கள் என்றான். மகள் இனி இந்த வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன் என்றாள். மனைவியும் அவர்கள் பக்கம்தான்.

"என் தம்பிக்கு ஒரு வழி காட்டினீங்க. சாகற வரைக்கும் மாமா மாமான்னு உங்களத்தான் சொல்லிட்டிருந்தான். இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன கேடு பண்ணணும் உங்களுக்கு?"

அவர் மருமகனைப் பார்த்தார். மகளை நடுவில் வைக்காமல் அவனிடமே பேசினார்.

"கதவோரம் இருக்கறது மட்டும்தான் புதுப் பலகை. நான் மாத்தினது. உள்ள இருக்கறது பூரா பழசு. நாளைக்கு நீ டிரில் போட்டா உன் நெஞ்சுக்குள்ளதான் போகும்."

யாரை வைத்து மாற்றினார், எப்படி உடைத்தார்கள், எத்தனை நாள் என்று மிச்சத்தையும் சொன்னார். மருமகன் அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டு, உள்ளே நடுப் பலகையைச் சோதிக்காமல் நானும் போக மாட்டேன், என் ஆட்களையும் அனுப்ப மாட்டேன் என்றான். மகள் அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மனைவி அவர் எதிரே வந்து நின்றாள். ஒன்று கேட்டாள்.

"அப்ப மூஞ்சில மாஸ்க் எதுவும் போடலையா?"

"ஒண்ணுதான் இருந்துச்சு."

"யாரு போட்டிருந்தீங்க?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

"நான்தான்" என்றார்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். அப்புறம் மகள் பக்கம் திரும்பினாள்.

"அவரச் சாப்பிடச் சொல்லு."