நாகஜோதியின் லேத்தில் இல்லாமல் போன மூன்று சாமான்கள்

என் தங்கை நாகஜோதி யார் தடுத்தும் விடாமல் பெற்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். கூட்டிப் பெருக்கப் போன மரப்பட்டறையிலேயே உளி பிடித்துக் கட்டில் கால் கடையும் வேலை. பரளச்சியில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு ஒரு மின் இணைப்பு. அதற்கு மின்வாரிய ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தாள். சீமைக்கருவேலம் விறகுக்கும் கரிக்கும்தான் ஆகும், கடைசலுக்கு ஆகாது என்று சொன்னவர்கள் கையிலேயே, அந்தக் கட்டையில் கடைந்த பிடி போட்ட அரிவாள். கடைசியாக, மரம் கடைய சொந்தமாக ஒரு லேத். இவற்றில் ஒன்றையும் யாரும் மனமுவந்து கொடுக்கவில்லை. லேத்தை முழு விலை கொடுத்து வாங்கினாள். அதையும் மூன்று சாமான் குறைத்துத்தான் அனுப்பினார்கள்.

அனுப்பியவர் மதன்குமார். பந்தல்குடி ரோட்டில் மரப்பட்டறை வைத்திருந்தவர். ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத்தில் மரியாதை குறையக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மற்றபடி வேறு காரணம் இல்லை. எங்கள் அப்பா அவருடைய அப்பாவின் புஞ்சையில் கூலிக்குப் போனவர். வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. ஆடு மேய்க்க ஒரு ஆள் வேண்டும். நான் மூத்தவள் என்பதால் எட்டாவது வரை போனேன். ஜோதி ஆட்டின் பின்னால் போனாள்.

பத்தொன்பது வயதில் அந்தப் பட்டறையில் மரத்தூள் அள்ளச் சேர்ந்தாள். மூன்றாம் வருடம் ஒரு கல்யாணச் சீர் கட்டிலுக்கு நாள் நெருங்கியபோது, கடைசல்காரர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். நான்கு காலையும் ஜோதி நின்று கடைந்து கொடுத்தாள். அன்றிலிருந்து பதினெட்டு வருடம் அந்தப் பட்டறையின் கடைசல் முழுவதும் அவள் கைதான். வாங்க வந்தவர்களிடம் மதன்குமார் என்ன சொன்னார் தெரியுமா? “மதுரையிலிருந்து ஆள் வந்து கடைஞ்சு குடுத்துட்டுப் போறாரு” என்றார். அந்த மதுரை ஆள், பட்டறை மூலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையெல்லாம் தூளாக நின்றுகொண்டிருப்பாள்.

ஊருக்குள் இரும்புக் கட்டில் வந்தது, மரக்கட்டில் கேட்பவர்கள் குறைந்தார்கள். பட்டறையை மூடப்போவதாகச் சொன்னார்கள். ஜோதி தான் நின்று கடைந்த அந்த லேத்தையே விலைக்குக் கேட்டாள். திருச்சுழியில் அரிவாள் பட்டறை வைத்திருக்கும் உக்கிரபாண்டி அண்ணன், மார்கழி முடிவதற்குள் நானூறு பிடி கொடுத்தால் வருடா வருடம் அவளிடமே எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் வாங்கினாள்.

2023 அக்டோபர் 25, புதன்கிழமை. நான் அன்று அருப்புக்கோட்டையில் தறிக்கு நூல் சுற்றும் வேலையில் இருந்தேன். அன்று நான் உடன் போகாததற்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். நடந்ததை ஜோதி சொன்னபடியே எழுதுகிறேன்.

பதினொன்றரை மணிக்கு மதன்குமார் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்திருக்கிறார்.

“ஏ நாகஜோதி, பன்னெண்டுக்கு ராகு காலம் பெறக்குது. அதுக்குள்ள தாளு முடிஞ்சிரணும்.”

“சாமான ஏத்திட்டு வைக்கலாமே மொதலாளி.”

“ஏத்துறத ஒன்றரைக்கு மேல ஏத்திக்கலாம். பொருளு கைமாறுற நேரந்தான் முக்கியம். மொதமொதல்ல தொழில் தொடங்குற, ராகு காலத்திலயா தொடங்குவ? ஒன் நல்லதுக்குச் சொன்னா கேளு.”

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டு யார் மறுப்பார்கள்? நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். “லேத் ஒன்று பெற்றுக்கொண்டேன்” என்று அவர் வாசித்தார். ஜோதி பெருவிரலை அழுத்தினாள். பிறகு ரோட்டின் மறுபக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, நல்ல நேரம் வரட்டும் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

ஒன்றரைக்கு அவள் எழுந்து போனபோது, பட்டறைக்குள்ளேயே சாமானை ஏற்றித் தார்ப்பாய் கட்டி வண்டியைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். வண்டி வீட்டுக்கு வந்தது. தார்ப்பாயை நீக்கிப் பார்த்தால் மோட்டாரும் நீள இரும்புச் சட்டமும்தான் இருந்தன. கட்டையைக் கவ்விச் சுற்றும் நான்கு பல் சென்டர் இல்லை. உளியை அணைத்து வைக்கும் தாங்கி இல்லை. கட்டையின் மறுமுனையைக் கூராக வந்து தாங்கும் டெயில்ஸ்டாக், அது அந்த மெசினில் பாதி, அதுவும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் மூன்றுக்கும் அவளே எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டு வந்தவள்.

மறுநாள் காலை நானும் அவளும் போனோம். மதன்குமார் தாளை எடுத்து நீட்டினார். வாசித்தேன். ‘உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன். உறுப்புகள் குறித்துப் பின்னர் எவ்வித உரிமையும் கோரமாட்டேன்.’ கீழே ஜோதியின் ரேகை.

“ஏய்யா, இதையா நேத்து இவகிட்ட வாசிச்சீங்க?” என்று கேட்டேன்.

“பழைய சாமான்னா முன்னப்பின்னதான் இருக்கும். கைநாட்டு வச்சுப்புட்டு மறுநா வந்து நின்னா எப்படி?” என்றார். பிறகு ஜோதியைப் பார்த்து, “ஓடலன்னா கொண்டாந்து போடு, இரும்பு வெலைக்கு எடுத்துக்கிறேன். என் மச்சான் நரிக்குடியில பட்டறை போடுறாரு. ஒனக்கு அங்க வேல இருக்கு. இப்ப என்ன கெட்டுப்போச்சு?” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு மெசினும் வேண்டும். அதில் நிற்க என் தங்கையும் வேண்டும். நான் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன். ஜோதி என் கையைப் பிடித்து பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, மார்கழிக்கு இன்னும் ரெண்டு மாசங்கூட இல்ல. நானூறு பிடி குடுக்கலன்னா உக்கிரபாண்டி அண்ணன் வேற ஆளப் பாத்துக்குவாரு. பெறகு நான் அந்த மச்சான் பட்டறையிலதான் போயி நிக்கணும். மொதல்ல மெசினு. சண்ட பெறகு.”

நான் வீட்டுக்கு வந்ததும் போலீசுக்கு மனு எழுதினேன். தேதி, நேரம், சாமான்களின் பெயர் எல்லாம் வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். மைப்பெட்டியைத் திறந்தபோது ஜோதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இந்த வெரலு ஏற்கெனவே ஒரு தாள்ல போயி மாட்டிக்கிட்டுக் கெடக்கு. இன்னொரு தாள்ல வைக்க மாட்டேன். எம்பேர எழுதிக் குடு, நான் பாத்து எழுதிப் பழகுறேன். அதுவரைக்கும் மனு கெடக்கட்டும்.”

மனு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. அவள் சாமான்களைத் தேடப் புறப்பட்டாள்.

உளித்தாங்கி சுலபமாகக் கிடைத்தது. பந்தல்குடியில் லாரி ஸ்பிரிங் பட்டை மாற்றும் கடையில் உடைந்த பட்டைத் துண்டு ஒன்றை வாங்கி, அருப்புக்கோட்டை ஜெயக்குமார் லேத் பட்டறையில் ஒரு குழாய்மேல் வெல்டிங் வைத்துக்கொண்டாள். பல் சென்டருக்குத்தான் அளவு வேண்டும். அது போய் உட்காரும் ஓட்டை உள்ளே போகப் போகச் சிறுக்கும். எவ்வளவு சிறுக்கிறது என்று டேப்பு வைத்து எடுக்க முடியாது. ஜோதி ஒரு வேப்பங்கட்டையைச் சீவினாள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓட்டைக்குள் தடவி, கட்டையைச் செருகித் திருகி எடுப்பாள். எங்கே கரி ஒட்டியதோ அந்த இடம் மேடு. அதை மட்டும் அரத்தால் ராவுவாள். மறுபடியும் செருகுவாள். நாற்பத்திரண்டு தடவை, நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன். கடைசியில் கட்டை முழுவதும் ஒரே சீராகக் கறுத்து வந்தது.

அந்த அளவுக்கு இரும்பில் சென்டர் கடைந்து தரச் சொல்லி ஜெயக்குமாரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த அளவு யாரு எடுத்தது?”

“நாந்தாண்ணே.”

“எங்கடைப் பயலுக கையில லேசுல இவ்வளவு சுத்தமா வராதும்மா. எந்த மெசினுக்கு இது?”

அவள் சொன்னாள். அவர் கட்டையை மேசையில் வைத்துவிட்டு, “சக்கரத்துல ஒரு ஆரம் ஒடஞ்சு, செம்புக்கம்பி சுத்துன டெயில்ஸ்டாக்கா?” என்று கேட்டார்.

“அந்தக் கம்பி நான் சுத்துனது.”

“பத்து நாளைக்கு முன்ன அடிய அறுத்துக் குடுத்தேன். நரிக்குடியில வேற மெசினுக்குச் சேரணும்னு மதன்குமாருதான் கொண்டாந்தாரு. தெரியாமப் போச்சேம்மா. நீ எங்க வந்து சொல்லச் சொன்னாலும் நான் வந்து சொல்றேன்.”

அறுத்துவிட்டார்கள். இனி அதைத் திருப்பிக் கொடுத்தாலும் அவள் மெசினில் உட்காராது. பஸ்ஸில் வரும்போது அன்றுதான் ஜோதி அழுதாள். அதுவும் அருப்புக்கோட்டை எல்லை தாண்டும் வரைதான்.

பழைய இரும்புக் கடையில் வேறொரு லேத்தின் டெயில்ஸ்டாக் கிடைத்தது. சட்டத்தில் ஏற்றி, இரண்டு முனையையும் மூக்கோடு மூக்கு முட்டுவதுபோல் கொண்டுவந்து பார்த்தால், புதிதாக வந்தது அரை அங்குலம் தாழ்ந்து நின்றது. அப்படியே கடைந்தால் பிடி கோணும். அடியில் கனத்த தகடு வைத்தாள், கொஞ்சம் கூடிப்போனது. நான்கு நாள் ராவினாள். ஒரு பக்கம் குறைந்துபோனது. எண்ணெய் டின்னைக் கத்தரித்து, தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். மூன்றாவது தகட்டில் இரண்டு முனையும் மயிரிழை பிசகாமல் முட்டின. போல்ட்டை முடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “வந்து மூக்கப் பாருக்கா.” பார்த்தேன். இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சிகரெட் தாளைக்கூடச் செருக முடியாது.

டிசம்பர் 1-ஆம் தேதி முதல் பிடி இறங்கியது. மார்கழி இருபத்தாறாம் நாள் நானூற்றுப் பன்னிரண்டு பிடிகளைச் சாக்கில் கட்டித் திருச்சுழிக்குக் கொண்டுபோனோம். உக்கிரபாண்டி அண்ணன் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். “கோணல் ஒண்ணுகூட இல்லயே. சித்திரைக்கும் நானூறு போட்டு வை தாயீ” என்றார்.

நடுவில் மத்தியான வேளைகளில் அவள் எழுதிப் பழகினாள். கட்டையில் அளவு குறிக்கும் பென்சிலால் பலகைத் துண்டுகளில் எழுதுவாள். சரியில்லாததை அடுப்பில் போட்டுவிடுவாள். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் அவள் பெயரை எரித்துத்தான் சோறு பொங்கினோம். அவளுக்குத் திருப்தியாகவில்லை. மனு பெட்டியிலேயே கிடந்தது.

மெசின் ஓடும் சத்தம் ஊருக்குக் கேட்டது. சாட்சி சொல்ல வருவதாகச் சொன்ன ஜெயக்குமாரிடம் மனுவைப் பற்றிச் சொல்லியிருந்தோம், அந்தச் சேதி அவர் வழியாக மதன்குமாருக்கு எட்டியிருக்கிறது. பிப்ரவரியில் ஒரு நாள் காலை கார் வந்து நின்றது. டெயில்ஸ்டாக்கை ஓர் ஆள் தூக்கிவந்து கொட்டகை வாசலில் வைத்தான்.

“மச்சானுக்கு அது ஒத்துவரல. உன் சாமான நீயே வச்சுக்க. இதுல மட்டும் ஒரு கைநாட்டு வச்சிரு” என்று புதுத் தாள் ஒன்றை நீட்டினார். மைப்பெட்டியையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

ஜோதி மெசினை நிறுத்திவிட்டு வந்தாள். குனிந்து டெயில்ஸ்டாக்கின் அடியைத் தடவிப் பார்த்தாள்.

“இத அறுத்துட்டீங்களே மொதலாளி. இத வச்சு நான் என்ன செய்ய? நாய் கட்டவா?” பிறகு என்னிடம், “அக்கா, தாள வாசி” என்றாள்.

வாசித்தேன். ‘வாங்கிய அன்றே எல்லா உறுப்புகளும் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன். எனக்கு யார்மீதும் புகார் இல்லை.’

“இன்னொரு தடவ வாசி.”

வாசித்தேன். அவள் தாளை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

“பெட்டிக்குள்ள கெடக்கறத எடுத்துட்டு வா.”

லேத்தின் சட்டத்தின்மேல் மனுவை விரித்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நான்கு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். மதன்குமார் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எழுதப் படிச்சுட்டியாக்கும்?” என்றார்.

“பேரு மட்டுந்தான் மொதலாளி. ஒங்களுக்கு அது போதும்.”

அன்று மத்தியானமே ஸ்டேஷனில் கொடுத்தோம். கூப்பிடுவோம் என்றார்கள், இன்னும் கூப்பிடவில்லை. மாதம் ஒரு தடவை போய்க் கேட்டு வருகிறேன். அவள் இங்கே கடைந்துகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மனுவின் தேதி கேட்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்: அவள் கையெழுத்துப் போட்டது 2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை.